பஸ் ஸ்டாப்புக்கு ஏன் 'பிரிவு' என்று பெயர்?

பாலாற்றங்கரை:
செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்காகத் திருப்பூர் வந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே கண்டக்டர் ஒவ்வொரு ஊர்ப் பெயரோடும் 'பிரிவு, பிரிவு' என்று சேர்த்துக் கத்துகிறார். எனக்குத் தெரிந்த பிரிவு குறளில் படித்த பிரிவாற்றாமை, இல்லாவிட்டால் 144. போன வாரம் ஊர் வந்துவிட்டது என்று நம்பி இறங்கி, வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்தேன், அந்தக் கடுப்பில்தான் கேட்கிறேன்.

நொய்யல்வாசி:
ஊர் உள்ளே இருக்கும். மெயின் ரோட்டிலிருந்து அந்த ஊருக்கு வழி பிரிகிற இடம்தான் பிரிவு. கோவை, ஈரோடு பக்கமும் இப்படித்தான். பிரிவு என்று காதில் விழுந்தால் இன்னும் நடை பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் இதை என்னவென்று சொல்வீர்கள்?

பாலாற்றங்கரை:
கூட்டு ரோடு. பேச்சில் கூட்ரோடு. படாளம் கூட்ரோடு மாதிரி.

தேனிக்காரன்:
எங்களுக்கு அது விலக்கு. தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிற க.விலக்கு கேள்விப்பட்டிருப்பீர்கள், விரித்துச் சொன்னால் கண்டமனூர் விலக்கு. பாருங்கள், இரண்டு ரோடு சேர்கிற ஒரே மாதிரி முக்குதான், வடக்கே இருப்பவருக்கு அது கூடுகிறது, கொங்கில் பிரிகிறது, எங்களுக்கு விலகிப் போகிறது! சென்னை விடுதியில் இருந்தபோது என் அக்கா போனில் 'விலக்கில்தான் நிற்கிறேன்' என்று சொல்லிவிட்டு, அறைத் தோழிகளிடம் பட்ட பாடு தனிக்கதை.

வடமராட்சியான்:
யாழ்ப்பாணத்தில் இது சந்தி. பிரிவு என்றால் எங்களுக்குக் கிராம சேவையாளர் பிரிவு, பிரதேச செயலாளர் பிரிவு, அவ்வளவுதான்.

கறுப்புக்கோட்டு:
விலக்கு என்றதும் தொழில் புத்தி வந்துவிட்டது. மணவிலக்கும் பிரிவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தில் 'நீதிமுறைப் பிரிவு' என்று ஒன்று உண்டு, அதில் சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயம் போய்விடும், ஆனால் திருமணம் அப்படியே இருக்கும், இன்னொரு கல்யாணம் செய்ய முடியாது. மணவிலக்கு வாங்கினால்தான் முடிச்சு அவிழும். இந்தப் பிரிவைச் சொல்வது அந்தச் சட்டத்தின் பிரிவு 10, இதை ஜூனியருக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள், தலை சுற்றும்.

பாலாற்றங்கரை:
நன்றி. இனிமேல் 'ஊருக்குள்ளே போகுமா அண்ணா' என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன்.