மறு: ‘ட்ரோஃபிக் ஃபீடிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

குறைமாதக் குழந்தைகளின் தாய்மாருக்கான கையேட்டுக்காக, ‘ட்ரோஃபிக் ஃபீடிங்’ என்பதற்கு, அதாவது அந்தக் குழந்தைகளின் குடலுக்கு மிகச் சிறிய அளவில் பால் கொடுப்பதற்கு, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை வந்த சொற்கள் ‘குறைந்தபட்சக் குடல்வழி ஊட்டம்’, ‘வளர்ப்பூட்டல்’, ‘துளியூட்டல்’, ‘சேனைப்பால்’. என் கருத்தைச் சொல்லுமுன் ஒரு காட்சி.

என் தங்கை மகள் 28 வாரத்தில் பிறந்தவள். எடை ஒரு கிலோவை ஒட்டி. இரண்டாம் நாள் சிஸ்டர் வந்து, வாய்வழியாக வயிற்றுக்குள் விட்டிருந்த மெல்லிய குழாயில், தள்ளுதண்டை உருவிவிட்ட ஒரு சிரிஞ்சைச் செருகித் தூக்கிப் பிடித்தார். அதில் தங்கை பீய்ச்சிக் கொடுத்த சீம்பால், 1 மில்லி. அது தானாகவே இறங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு 12 தடவை. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுகிற ஒத்திசைவு 34 வாரத்தை ஒட்டித்தான் வரும், அதனால் குழாய். அதெல்லாம் தங்கைக்குப் புரிந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்: “ஒரு மில்லியில் என் பிள்ளைக்குப் பசி அடங்குமா?”

நாம் தேடும் சொல் இந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். அந்தப் பால் பசிக்கானதே இல்லை. கணக்குப் போட்டால் தெரியும்: தாய்ப்பால் 100 மில்லிக்குச் சுமார் 67 கலோரி, ஆக 12 மில்லியில் எட்டுதான். அந்த எடையுள்ள குழந்தை வளர நாளைக்கு 110 கலோரிக்கு மேல் வேண்டும். மிச்சத்தையெல்லாம் அப்போதைக்குச் சிரை வழியாகக் குளுக்கோஸும் அமினோ அமிலமும் கொழுப்புமாக ஏற்றுவார்கள். பால் எதற்கு என்றால், குடலுக்கு. வெறுமையாகக் கிடக்கும் குடலின் உட்படலம் மெலிந்துவிடும், குடலுறிஞ்சிகள் (உட்படலத்தில் விரல்போல நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சுபவை) குட்டையாகும். கொஞ்சம் பால் பட்டாலே செரிமான ஹார்மோன்கள் சுரக்கத் தொடங்கும்.

இப்போது ‘வளர்ப்பூட்டல்’. கிரேக்க வேரைப் பிடித்து வந்த சொல், வேர் சரிதான். ஆனால் இதைக் கேட்கும் தாய், பிள்ளை இதில் வளரும் என்று நினைப்பாள். மறுநாள் தராசில் எடை குறைந்திருக்கும் (முதல் சில நாள் குறைவது வழக்கம்), அவ்வளவுதான், அழுகை. ‘குறைந்தபட்ச…’ என்பது ரேஷன் அட்டை போல ஒலிக்கிறது. ‘துளியூட்டல்’ அழகு, ஆனால் ‘துளி’ என்றதும் நம் ஊரில் சொட்டு மருந்துதான் நினைவுக்கு வரும். அளவைச் சொல்கிறதே ஒழிய, நோக்கத்தைச் சொல்லவில்லை.

‘சேனைப்பால்’ எழுதியவர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை. நம் வீட்டுச் சொல், பிறந்ததும் நாக்கில் வைப்பது, பொருளும் நெருங்கி வருகிறது. ஆனாலும் கூடாது. சீனித்தண்ணீரும் தேனும் வைக்காதே என்று தாதிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கையேட்டிலேயே ‘சேனை’ என்று அச்சடித்தால் பாட்டி தேன் பாட்டிலோடு வந்து நிற்பாள்.

என் பரிந்துரை: செயலுக்குக் ‘குடல்பழக்கல்’, பாலுக்குப் ‘பழக்குபால்’. மாட்டை ஏருக்குப் பழக்குகிறோம், பிள்ளையைப் பள்ளிக்குப் பழக்குகிறோம். கொஞ்சம் கொஞ்சமாக, பின்னால் வரப்போகும் பெரிய வேலைக்காக என்ற பொருள் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. ‘பழக்குபால்’ வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது, ‘பழக்குப்பால்’ ஆகாது. நாக்கு மிகவைக்கும் என்பது தெரியும், ஆட்டுக்கல்லில் மிகவைத்த நாக்குதானே. ‘பழக்கூட்டு’ என்று சுருக்க மட்டும் யாரும் முயல வேண்டாம், ஆப்பிளும் அன்னாசியும் போட்ட கூட்டு ஆகிவிடும்.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். கருவில் இருக்கும்போதே குழந்தை பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறது, குடலுக்கு எதற்குப் புதிதாகப் பழக்கம் என்று கேட்கலாம். நியாயம். ஆனால் நீர் வேறு, பால் வேறு. நீந்தத் தெரிந்தவனையும் ஆற்றுக்குப் பழக்கத்தானே வேண்டியிருக்கிறது?

அப்புறம், இன்னொரு சொல்லும் கையேட்டில் வருகிறது: பால் அளவு கூடியபின், கூடுதல் சத்துக்காகத் தாய்ப்பாலில் கலக்கும் ஃபோர்ட்டிஃபையர். ‘செறிவூட்டி’ வேண்டாம். 2021 கொரோனா அலையில் ‘ஆக்சிஜன் செறிவூட்டி’ ஊரெங்கும் பரவிவிட்டது, அந்தக் கருவி அதே வார்டிலும் இருக்கக்கூடும். ‘வலுவூட்டி’ இன்னும் மோசம், உன் பாலில் வலு இல்லை என்று தாய் முகத்தில் சொல்வது போல. குறை அவள் பாலில் இல்லை. கடைசி மூன்று மாதத்தில் நஞ்சுக்கொடி வழியாகப் போயிருக்க வேண்டிய கால்சியமும் பாஸ்பரசும் போகவில்லை, புரதமும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. நான் ‘பால் சேர்மானம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். வேதியியல்காரர்கள் ‘சேர்மம்’ என்று சண்டைக்கு வருவார்களோ? மருத்துவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

கையேட்டு வரைவில் இப்போதைக்கு இப்படி இருக்கிறது:

“இது பழக்குபால். உங்கள் குழந்தையின் பசிக்கு வேண்டியதைச் சிரை வழியாகக் கொடுக்கிறோம். இந்த ஒரு மில்லி குடலைப் பழக்குவதற்கு. குடல் ஏற்றுக்கொண்டால் நாளுக்கு நாள் அளவைக் கூட்டுவோம். நீங்கள் பீய்ச்சித் தரும் சீம்பால் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கொண்டுவந்து கொடுங்கள்.”

கடைசி வாக்கியத்தைத் தங்கைதான் சேர்க்கச் சொன்னாள். சொற்ப அளவுதான் வருகிறதென்று வெட்கப்பட்டு முதல் நாள் கொட்டிவிட்டாளாம்.