அவசரம்: குதிரை காலை ஊன்ற மாட்டேன் என்கிறது

மன்னை ரேக்ளா:
சார், அவசரம். நேற்று சாயங்காலம் வரை நன்றாக ஓடிய குதிரை, விடிந்து பார்த்தால் மூன்று காலில் நிற்கிறது. வீக்கம் இல்லை, காயமும் இல்லை. எலும்பு முறிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறோம். என்ன மருந்து போடலாம்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வடுவூரான்:
எந்தக் கால் அண்ணே? முன்னங்காலா, பின்னங்காலா? வயது என்ன? போட்டோ இருந்தால் போடுங்கள்.

பால்பண்ணை:
கோமாரிதான். எங்கள் தெருவில் மூன்று மாட்டுக்கு வந்திருக்கிறது. வாயைத் திறந்து புண் இருக்கிறதா பாருங்கள். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துக் குளம்பில் தடவுங்கள், கேட்கும்.

பழைய லாயம்:
கோமாரி, குளம்பு பிளந்த மாடு, ஆடு, பன்றிக்கு வருவது. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, அதற்குக் கோமாரி வராது. இதை இங்கே எத்தனை தடவை எழுதுவது? பழைய இழைகளை யாரும் படிப்பதில்லை. மன்னை, உங்கள் பதிவில் ‘குதிரை’ என்பதைத் தவிர உருப்படியான தகவல் ஒன்றும் இல்லை. எந்தக் கால், குளம்பு சுடுகிறதா, எப்படி நிற்கிறது, கட்டுத்தரை ஈரமா, கடைசியாக லாடம் எப்போது? இதைச் சொல்லாமல் மருந்து கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கொள்ளுப்பை:
தீனியைப் பாருங்கள். பந்தயம் வருகிறது என்று கொள்ளையும் மக்காச்சோளத்தையும் அள்ளிப் போட்டிருப்பீர்கள். தானியம் மிஞ்சினால் குளம்புக்குள் சதை வெந்துபோகும். என் சித்தப்பாவின் குதிரை அப்படித்தான் படுத்தது, அப்புறம் எழவே இல்லை.

மன்னை ரேக்ளா:
இடது முன்னங்கால். செவலை, ஆறு வயது. தீனி வழக்கம்போலத்தான். மழையில் கொட்டகை பத்து நாளாகச் சொதசொதவென்று கிடக்கிறது. குளம்பு கொஞ்சம் சூடாக இருக்கிற மாதிரி தெரிகிறது, தொட விடமாட்டேன் என்கிறது. எங்கள் டாக்டர் லீவில் இருக்கிறார். பக்கத்து ஆள் டைக்ளோ என்கிற வலி ஊசி போட்டால் மதியத்துக்குள் நடக்கும் என்கிறார். போடலாமா?

ஒரத்தநாடு மாணவன்:
போடாதீர்கள் அண்ணே. கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் 2006லேயே தடை. செத்த உடலைத் தின்னும் பாறு கழுகுகள் அந்த மருந்தால் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன.

கொள்ளுப்பை அண்ணன் சொல்வதும் நடப்பதுதான். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு முன்னங்காலையும் பிடிக்கும். குதிரை இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னால் தள்ளி நிற்கும். இங்கே ஒரே கால், ஒரே ராத்திரி. குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். குளம்புச் சுவர் நம் நகம் மாதிரி, வீங்கி இடம் கொடுக்காது. உள்ளே ஒரு ஸ்பூன் சீழ் சேர்ந்தாலே போதும், கால் முறிந்ததுபோல நொண்டும்.

கணுவுக்குப் பின்புறம் இரண்டு பக்கமும் விரலை லேசாக வைத்துப் பாருங்கள். நல்ல காலில் நாடி கஷ்டப்பட்டுத்தான் கிடைக்கும். சீழ் கட்டியிருந்தால் விரலைத் தூக்கித் தூக்கி அடிக்கும். ஆனாலும் முறிவு இல்லை என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அடியுங்கள், இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு வாருங்கள்.

பால்பண்ணை:
தஞ்சாவூர்ப் பக்கம் பாறு கழுகை யார் பார்த்தது? இல்லாத கழுகுக்கு எதற்குத் தடை?

வடுவூரான்:
ஏன் இல்லை என்றும் கொஞ்சம் யோசிக்கலாமே.

பழைய லாயம்:
லாடக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மன்னை ரேக்ளா:
நாடி அடிக்கிறது சார், வலது காலில் தெரியவே இல்லை. லாடம் போன வெள்ளிக்கிழமைதான் மாற்றினோம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு ஆணி அடிக்கும்போது மட்டும் காலை வெடுக்கென்று இழுத்தது. பிறகு சரியாகிவிட்டது.

பழைய லாயம்:
அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! குளம்பைத் திருப்பினால் சுவரும் அடித்தட்டும் சேருமிடத்தில் ஒரு வெளிர்கோடு ஓடும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே இறங்கினால் உயிர்ச்சதை, குதிரை அப்போதே காலை இழுக்கும். சதையைத் தொடாமல் ஒட்டி நின்றாலும் அழுத்தி அழுத்தி நாலைந்து நாளில் நொண்டும். பத்து நாள் சேற்றில் ஊறிய குளம்பு வேறு, கிருமி நுழையக் கேட்கவா வேண்டும்.

லாடத்தை ஒரே இழுப்பாக நெம்பி எடுக்கக் கூடாது. ஆணிகளை ஒவ்வொன்றாக உருவி, ஒவ்வொன்றையும் பாருங்கள். ஈரமாக, கறுப்பாக, நாற்றத்தோடு எது வருகிறதோ அதுதான் குற்றவாளி. அந்தத் துளையை டாக்டர் சீழ் வடியும் அளவுக்கு மட்டும் திறந்துவிடுவார். நீங்களே கத்தியை எடுத்துத் தோண்டாதீர்கள். வெளியேற வழி இல்லையென்றால் சீழ் மேலே ஏறி, குளம்பும் மயிரும் சேருமிடத்தில் உடையும். டெல்டாக்காரருக்கு வடிகாலைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டுமா?

வேதை உப்பளம்:
லாடமே தேவையில்லை என்பது என் கட்சி. கோடியக்கரைக் காட்டில் திரிகிற குதிரைகளுக்கு எந்தப் பட்டறையில் லாடம் அடிக்கிறார்கள்? நன்றாகத்தானே ஓடுகின்றன.

கொள்ளுப்பை:
அவை மணலிலும் சதுப்பிலும் புல் மேய்கின்றன. வண்டியைக் கட்டித் தார்ச் சாலையில் விரட்டிப் பாருங்கள், குளம்பு எத்தனை நாள் தாங்குகிறது என்று தெரியும்.

வேதை உப்பளம்:
தார்ச் சாலையில் விரட்டாதீர்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

பால்பண்ணை:
மாட்டுக்கு அடிக்கிறார்களே, அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

பழைய லாயம்:
மாட்டுக்குக் குளம்பு இரண்டு, லாடமும் இரண்டு துண்டு. அதற்குத் தனி இழை திறங்கள்.

ஒரத்தநாடு மாணவன்:
மன்னை அண்ணே, இவர்கள் பேசட்டும். டாக்டர் திறந்துவிட்ட பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் மக்னீசியம் சல்பேட் தாராளமாகக் கரைத்து, ரப்பர் கூடையில் காலை வைத்துக் கால் மணி நேரம் ஊற விடுங்கள். தினம் இரண்டு வேளை, இரண்டு மூன்று நாள். பிறகு நன்றாகத் துடைத்து, துளையில் அயோடின் நனைத்த பஞ்சு, மேலே குழந்தைக்குக் கட்டுகிற டயபர், அதன்மேல் பிளாஸ்டிக் டேப்பை நாலு சுற்று. டேப் குளம்போடு நிற்கட்டும், மேலே தோலை இறுக்க வேண்டாம். காய்ந்த வைக்கோலை மொத்தமாகப் பரப்பி அதில் கட்டுங்கள்.

முக்கியமாக, ரண ஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பு ஊசியை டாக்டரிடம் கேளுங்கள். வீட்டுப் பிராணிகளில் குதிரைதான் அதற்குச் சீக்கிரம் பலியாகும். வாய் கட்டிக்கொண்ட பிறகு காப்பாற்றுவது கஷ்டம்.

மன்னை ரேக்ளா:
வயலுக்கு வாங்கிய ஜிங்க் சல்பேட் அரை மூட்டை வீட்டில் கிடக்கிறது. அது ஆகுமா?

ஒரத்தநாடு மாணவன்:
ஆகாது அண்ணே. ‘எப்சம் உப்பு’ என்று மெடிக்கலில் கேளுங்கள், அதுதான் மக்னீசியம் சல்பேட்.

வேதை உப்பளம்:
கொள்ளுப்பைக்கு: பந்தயக் குதிரைக்கும் ஓட்டம் இல்லாத மாதங்களில் லாடத்தைக் கழற்றிக் குளம்பை ஆறவிடுகிறவர்கள் உண்டு. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கொள்ளுப்பை:
அதை நான் எப்போது மறுத்தேன்? லாடமே வேண்டாம் என்று ஆரம்பித்தது நீங்கள்.

மன்னை ரேக்ளா:
1962 வண்டி வந்தது. உள்பக்கம் மூன்றாவது ஆணி. உருவியதும் மை மாதிரி கறுப்பாகப் பீச்சியது, நாற்றம் தாங்கவில்லை. சாயங்காலமே காலை ஊன்றிவிட்டது. பேரன் டயபர் ஒரு பாக்கெட் காலி. எல்லோருக்கும் நன்றி. பத்து நாளில் வண்டி கட்டலாமா?

பழைய லாயம்:
துளை காய்ந்து, வலி மருந்து இல்லாமல் கெட்டித் தரையில் நேராக நடந்தால் பேசலாம். தேதியைக் குளம்பு சொல்லட்டும், திருக்கடையூர் சொல்ல வேண்டாம்.

ஒரத்தநாடு மாணவன்:
அண்ணே, ரண ஜன்னி ஊசி போட்டார்களா?

ஒரத்தநாடு மாணவன்:
மன்னை அண்ணே?

பால்பண்ணை:
மாட்டு லாடத்துக்கு இழை திறந்துவிட்டேன். வாருங்கள்.