டெக்சஸ் கவுன்டி ஜெயில், 287(ஜி), மாநில மானியம்: புதிதாக வந்தவர்கள் கவனத்துக்கு

கேள்வி: எச்-1பி வேலை விசாவில் டாலஸ் பக்கத்தில் உள்ள ஃபிரிஸ்கோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஷெரிஃப் (கவுன்டி எனப்படும் மாவட்டத்தின் காவல் தலைவர்) அலுவலகங்களுக்கு மாநில அரசு பணம் கொடுத்துக் குடிவரவு வேலையைப் பார்க்க வைக்கிறது என்கிறார்கள். விசா சரியாக இருப்பவர்களும் கவலைப்பட வேண்டுமா?

பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் விவரம் தெரிந்திருக்க வேண்டும். 2021 மார்ச்சில் ஆளுநர் கிரெக் அபாட் தொடங்கிய ஆபரேஷன் லோன் ஸ்டார் என்ற எல்லைக் காவல் திட்டத்துக்கு டெக்சஸ் 1,100 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அது பெரும்பாலும் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் போன பணம். 2025-ல் நிறைவேறிய எஸ்பி 8 சட்டம் பணத்தை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டது. ஜெயில் நடத்தும் ஒவ்வொரு ஷெரிஃபும் 2026 டிசம்பர் 1-க்குள் ஐஸுடன் (மத்திய குடிவரவு அமலாக்கத் துறை) 287(ஜி) ஒப்பந்தம் (உள்ளூர்க் காவலர்களுக்குக் குடிவரவு அமலாக்க வேலையைத் தருவது) போட்டாக வேண்டும். போடாவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தால் வரும் செலவுக்கு, மக்கள்தொகையைப் பொறுத்து கவுன்டிக்கு 80,000 முதல் 1,40,000 டாலர் வரை மானியம் உண்டு. பெரிய கவுன்டிக்கு இது கைச்செலவுக்குக் காணாது; சிறிய கவுன்டிக்கு ஒரு டெபுட்டியின் (ஷெரிஃபுக்குக் கீழ் வேலை பார்க்கும் காவலர்) சம்பளம்.

ஒப்பந்தம் மூன்று வகை. ஜெயிலுக்குள் வருபவர்களின் குடிவரவு நிலையை டெபுட்டியே விசாரிப்பது ஒன்று. ஐஸ் தரும் வாரண்டை ஜெயிலுக்குள் சேர்ப்பிப்பது மட்டும் இன்னொன்று. மூன்றாவது டாஸ்க் ஃபோர்ஸ்: ரோட்டில் ரோந்து போகும்போதே விசாரிக்கும் அதிகாரம். 2012-ல் கைவிடப்பட்ட இந்த மூன்றாவது வகை 2025-ல் திரும்ப வந்தது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ஷெரிஃபின் விருப்பம். உங்கள் கவுன்டியில் எது என்று ஐஸ் இணையதளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள். வீடு காலின் கவுன்டியில், ஆபீஸ் டாலஸ் கவுன்டியில் என்றால் இரண்டையும் பாருங்கள்.

எந்த வகையாக இருந்தாலும் முக்கியமான இடம் ஜெயிலின் புக்கிங் கவுன்டர், அதாவது கைதானவரைப் பதிவு செய்யும் இடம். அங்கே வைக்கும் கைரேகை எஃப்பிஐக்கும், அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போகிறது. குற்றம் நிரூபணமாக வேண்டும் என்றில்லை, கைதே போதும். ஆகவே அந்தக் கவுன்டர் வரை போகாமல் இருப்பதுதான் முதல் வேலை.

நம்மவர்களை அங்கே கொண்டுபோகும் காரணங்கள் சின்னவை. வேகமாக ஓட்டினால் அபராத டிக்கெட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும், அது சட்டம். ஆனால் காலாவதியான லைசென்ஸ், இன்சூரன்ஸ் இல்லாமை, சீட் பெல்ட் போடாதது ஆகியவற்றுக்குக் கைது செய்ய அதிகாரம் உண்டு. சீட் பெல்ட் கைது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் தீர்ப்புச் சொன்னது டெக்சஸ் வழக்கில்தான். எச்-1பிக்காரர்களின் லைசென்ஸ் ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) தேதியோடு முடிந்துவிடும். அதனால் எக்ஸ்டென்ஷனை ஆறு மாதம் முன்பே போடச் சொல்லிக் கம்பெனியை நச்சரியுங்கள். டிக்கெட் கட்டாமல் விட்டால் அது வாரண்டாக மாறும். செல்ஃப் செக்அவுட்டில் ஸ்கேன் ஆகாமல் போன பொருட்களின் விலை 100 டாலரைத் தொட்டால், திருட்டு வழக்கு அபராதத்தோடு முடியாது, ஜெயில் தண்டனைக்குரிய கிளாஸ் பி ஆகிவிடும். ரசீதை எண்ணிப் பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே அமெரிக்கத் தூதரகம் விசாவை ரத்து செய்யலாம்.

கேள்வி: கையில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

பதில்: 18 வயது நிரம்பியவர்கள் பதிவுச் சான்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நமக்கு அது ஐ-94. கிரீன் கார்டுக்காரர்களுக்கு அந்தக் கார்டேதான். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உள்நாட்டிலேயே எக்ஸ்டென்ஷன் வாங்கியவர்களின் புது ஐ-94, ஐ-797ஏ என்ற ஒப்புதல் தாளின் அடியில் இருக்கும். எல்லைத் துறை இணையதளத்தில் எடுக்கும் பிரிண்டில் பழைய தேதியே வரும். அதை மட்டும் நீட்டினால் தங்கும் காலம் முடிந்தவர் போலத் தெரிவீர்கள். 797ஏ-யின் அந்தப் பகுதியைக் கிழித்துப் பர்சில் வையுங்கள்.

சௌத் பாட்ரே தீவுக்குப் போய்த் திரும்பும் வழியில் யுஎஸ் 77-ல் சரிட்டா, யுஎஸ் 281-ல் ஃபால்ஃபுரியஸ் என்ற எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் உண்டு. அந்தப் பயணத்துக்குக் குழந்தைகள் உட்பட எல்லோருடைய ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் காரில் இருக்கட்டும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவத்தைப் போட வேண்டும். ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொருவர் சேர்த்தது: மேலே சொன்னதெல்லாம் சரி. கைதான பிறகு செய்யும் அவசரத்தையும் சொல்ல வேண்டும். செய்தி வந்ததும் வீட்டார் முதலில் பாண்ட் (ஜாமீன் தொகை) கட்ட ஓடுகிறார்கள். அதற்கு முன் டிடெய்னர் (ஐஸ் போடும் தடுத்துவைப்புக் கோரிக்கை) இருக்கிறதா என்று ஜெயிலில் கேளுங்கள். இருந்தால், கவுன்டி பாண்ட் கட்டினாலும் ஆள் வீட்டுக்கு வரமாட்டார். விடுதலையாக வேண்டிய நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை வைத்திருந்து ஐஸிடம் ஒப்படைப்பார்கள். பாண்ட் ஏஜெண்டுக்குக் கொடுத்த கட்டணம் திரும்பாது. உள்ளூர் வழக்கின் தேதிக்கு ஆஜராகவும் முடியாது. குடிவரவு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுக் கட்டுங்கள். குடிவரவு பாண்ட் தனி. அதற்குக் குறைந்தது 1,500 டாலர்.

"டெஃபர்ட் அட்ஜுடிகேஷன் வாங்கிக்கொள்ளுங்கள், அது தண்டனையே இல்லை" என்று உள்ளூர் வழக்கறிஞர் சொல்வார். தீர்ப்பைத் தள்ளிவைத்து, நிபந்தனைகளை நிறைவேற்றினால் வழக்கை முடித்துவிடும் ஏற்பாடு அது. டெக்சஸ் சட்டத்துக்கு அவர் சொல்வது சரி. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது நிபந்தனை விதித்திருந்தால் குடிவரவுச் சட்டத்தில் அதுவும் தண்டனைதான். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தல் வருமா என்று சொல்வது வழக்கறிஞரின் கடமை என 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஆளைத் தேடும்போது நம் பெயர்களால் தொல்லை வரும். குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட் என்றால், விசாவில் பெயர் முழுவதும் சர்நேம் கட்டத்தில் ஏறி, முதல் பெயர் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியாது) என்று பதிவாகியிருக்கும். ஐஸின் தேடல் பக்கத்தில் ஒரு எழுத்து மாறினாலும் ஆள் கிடைக்க மாட்டார். பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ் மூன்றிலும் இருக்கிறபடி ஒவ்வொன்றாக, அப்பா பெயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிறந்த நாட்டையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்: குவைத்தில் பிறந்த இந்தியர் என்றால் குவைத். ஏ-நம்பர் (குடிவரவுத் துறை தரும் அடையாள எண்) இருந்தால் பெயர்த் தொல்லை இல்லை. மாணவராக இருந்து ஓபிடி கார்டு (படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அனுமதி) வாங்கியவர்களுக்கு அது அந்தக் கார்டிலேயே இருக்கும். இன்றே குறித்து வீட்டில் கொடுத்துவையுங்கள். கவுன்டி ஜெயிலில் இருக்கும்வரை ஐஸ் பக்கத்தில் பெயர் வராது, ஜெயிலின் சொந்தப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

தூதரகத்துக்குச் சொல்லும்படி கேட்கும் உரிமை உள்ளே இருப்பவருக்கு உண்டு. மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் கேட்காவிட்டாலும் கைது செய்த அதிகாரிகளே தெரிவித்தாக வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் கேட்டால்தான் தெரிவிப்பார்கள், புக்கிங்கிலேயே கேளுங்கள். டெக்சஸுக்கான இந்தியத் துணைத் தூதரகம் ஹூஸ்டனில் இருக்கிறது.