மினாங்கபாவு கிராமங்கள்: நிலம், வீடு, பயணம் – உங்க அனுபவத்தைப் போடுங்க

ஈரக்கால்

இந்தோனேசியாவுல மினாங்கபாவு மக்கள் இருக்கிற மேற்கு சுமத்ரால பாடாங், புக்கித்திங்கி பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் சொல்றது பத்துசங்காருக்கு அந்தப் பக்கம், மராப்பி எரிமலை தெரியற ஒரு சின்ன நாகரி, அதாவது கிராமம். பேர் வேணாம், அங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

பெக்கான்பாரு பக்கம் பாமாயில் ஆலையில மூணு வருஷம் இருந்தேன். ஆலை டிரைவர் ஒருத்தர், ஊடான்னுதான் கூப்பிடுவேன் (அங்க அண்ணன்), லீவு வந்தா தன் பெண்டாட்டி ஊருக்கு என்னையும் கூட்டிட்டுப் போவார். நாலாவது தடவை போனப்ப வயலோரமா ஒரு மேட்டைக் காட்டி, இங்க ரெண்டு மர ரூம் போட்டா வெளிநாட்டுக்காரன் வந்து தங்குவான், நீ பணம் போடு, நான் பாத்துக்கறேன்னார். எனக்கும் ஆசை. 15 ஜூத்தா (ஒன்றரைக் கோடி ருப்பியா) முன்பணம் கையில கொடுத்தேன். பேப்பர் எதுவும் இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சுப் போனா ருமா காடாங்ல (குலத்தோட பெரிய வீடு) பாய் விரிச்சு உக்கார வெச்சாங்க. ஊடாவோட மாமியார், அவங்க கூடப்பிறந்த தம்பி, இன்னும் ரெண்டு பெரியவங்க. டீ வந்தது. கெருப்புக், நம்ம அப்பளம் மாதிரி, வந்தது. அரை மணி நேரம் மழையைப் பத்தியே பேசினாங்க. அப்புறம் அந்தம்மா முந்தியில கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நூறாயிரம் ருப்பியா நோட்டா 150, கட்டை விரலை எச்சில் தொட்டுத் தொட்டு சத்தமா எண்ணி என் முன்னாடி வெச்சாங்க. கோபம் இல்ல, விளக்கம் இல்ல. தம்பிக்காரர் மட்டும், "இது புசாகோ நிலம்"னு ஒரே வரி.

ஊடா எங்கன்னு பாக்கறேன். ஜன்னல் வழியா தெரியறார். வாசல்ல மோட்டார் பைக் கழுவிட்டு இருக்கார். அதைக் காலையிலதான் கழுவினார். அவருக்கும் ஒரு கிளாஸ் டீ போச்சு, சின்னப் பொண்ணு கொண்டு போய்ப் படிக்கட்டுல வெச்சிட்டு வந்தா. அவர் திரும்பவே இல்ல. டீ ஆறி ஆடை கட்டிப்போச்சு.

அன்னைக்கு சாயங்காலமே அவர்தான் என்னைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தார். கெலோக் சம்பிலான் பாலத்துல நிறுத்தி சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தார். நான் காசு எடுத்தேன், கையைத் தட்டிவிட்டார். ஆறேழு மணி நேர வழியில நடந்தது அவ்வளவுதான்.

எனக்கு உறுத்தறது வேற. அந்தப் பதினஞ்சுல ஆறு ஜூத்தா அவர் ஏற்கெனவே செலவு பண்ணிட்டார்னு எனக்குத் தெரியும். அப்ப அந்த 150 நோட்டு எங்க இருந்து வந்தது?

ரெம்பாவ்_காரன்

தம்பி, உங்களுக்கு விவரம் தெரியாம மாட்டிக்கிட்டீங்க. நான் மலேசியாவுல நெகிரி செம்பிலான்ல ரப்பர் எஸ்டேட்டுல பொறந்தவன். எங்க ஊர் மலாய்க்காரங்களோட முன்னோர் அங்க இருந்து வந்தவங்கதான், அதே அடாட் பெர்பாத்தே, தாய்வழி வழக்கம். நிலம் பொம்பளைங்க வழி. அம்மாகிட்ட இருந்து மகளுக்கு. உங்க ஊடா அந்த வீட்டுக்குச் சுமாந்தோ, அதாவது மாப்பிள்ளை. சுமாந்தோன்னா அடிக்கட்டை மேல இருக்கிற சாம்பல்னு அவங்களே பழமொழி வெச்சிருக்காங்க. காத்தடிச்சா பறந்துரும். அவருக்குப் பேச்சு செல்லுபடியாகிற இடம் அவரோட அம்மா வீடு, அங்க அவர் மாமாக், தாய்மாமன். பெண்டாட்டி வீட்டு வயல்ல ஒரு முளைக்குச்சி அடிக்கவும் அவருக்கு உரிமை கிடையாது.

புசாகோ திங்கி, பரம்பரைச் சொத்து, விக்கவே முடியாது. அடகு வைக்கலாம், அதுக்கும் நாலே காரணம். வீட்டு நடுவுல பிணம் கிடந்து எடுக்கக் காசில்லைன்னா. வயசுப் பொண்ணு கல்யாணம் ஆகாம இருந்தா. ருமா காடாங் ஒழுகினா. நாலாவதை "மூழ்கின மரத்தைத் தூக்குறது"ன்னு சொல்வாங்க, குலத் தலைவர் பட்டம் ஆளில்லாம கிடந்தா அதைத் திரும்ப ஏத்துறதுக்கான செலவு. டூரிஸ்டுக்கு ரூம் கட்டுறது இந்த நாலுலயும் வராது.

என் கதை சின்னது. எங்கப்பாகிட்ட மண்வெட்டி வேலை பார்த்த மலாய்க்காரர், பெண்டாட்டி செத்த நாற்பதாம் நாள் முடிஞ்சதும் ஒரு பெட்டியோட எஸ்டேட் லயத்துக்கு வந்து நின்னார். முப்பது வருஷம் இருந்த வீடு. யாரும் போகச் சொல்லல, தானா கிளம்பினார். பெட்டி மேல ஒரு சேவல் கட்டியிருந்தது. அப்ப எனக்குப் பத்து வயசு. அந்தச் சேவல் ராத்திரி முழுக்கக் கூவினது இன்னும் காதுல இருக்கு.

வில்லா_மாறன்

பாலியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். நண்பர் செய்த தவறை இங்கே நிறைய பேர் செய்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

இந்தோனேசியாவின் 1960ஆம் வருட 5ஆம் எண் நிலச் சட்டப்படி 'ஹாக் மிலிக்', அதாவது முழு உடைமை, அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவர் பணம் போட்டு உள்ளூர் ஆள் பெயரில் பத்திரம் எழுதினால், பின்னால் ஆயிரம் ஒப்பந்தம் போட்டாலும் அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு செல்லாது என்கிறது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. வெளிநாட்டவருக்கு இருக்கும் வழி 'ஹாக் பக்காய்', பயன்பாட்டு உரிமை. 2021ஆம் வருட 18ஆம் எண் அரசு விதிப்படி வீட்டுக்கு 30 வருடம், நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. அதற்கும் முறையான குடிவரவு ஆவணம் வேண்டும். இல்லையென்றால் வெறும் குத்தகை. நோட்டரியிடம் போங்கள், நிலப் பத்திரம் எழுதும் அதிகாரம் உள்ளவரா என்று கேளுங்கள், பத்திர எண்ணை நில அலுவலகத்தில் சரிபாருங்கள், எல்லைக்கல்லை நடந்து போய்ப் பாருங்கள், தண்ணீர் யார் வயல் வழியாக வருகிறது என்று கேளுங்கள், வண்டி போகும் பாதை யாருடையது என்று கேளுங்கள். கிராமத் தலைவரின் கடிதம் பத்திரம் ஆகாது. வரி கட்டிய ரசீதும் பத்திரம் ஆகாது. இங்கே நிலத்தை 'ஆரே' கணக்கில் பேசுவார்கள், ஒரு ஆரே நூறு சதுர மீட்டர், ஏமாறாதீர்கள். குத்தகை என்றால் நீட்டிப்பு விலையை இன்றே எழுதி வாங்குங்கள்.

என் அனுபவம்: பெயர் கொடுத்தவர் இறந்தார், வாரிசுகள் வந்தார்கள், நான் வெளியே வந்தேன். அவ்வளவுதான்.

செம்பருத்தி_சிங்கை

மாறன், அவர் நிலம் வாங்குவது எப்படி என்று கேட்கவில்லை. தவிர, பாலிக் கணக்கு அங்கே உதவாது. பத்திரமே இல்லாத குல நிலத்தில் எந்த எண்ணைச் சரிபார்ப்பது?

நான் பாச்சு ஜாவி பார்க்கப் போனேன். தெரியாதவர்களுக்கு: அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் கட்டி, சேற்றில் இரண்டு மாட்டை விடுவார்கள். ஓட்டுபவர் இரண்டுக்கும் நடுவில் கலப்பை போன்ற மரத்தில் நின்றுகொண்டு, வேகம் வேண்டுமென்றால் வாலைக் கடிப்பார். யார் முந்தினார்கள் என்ற பேச்சே இல்லை. கோணாமல் நேராக ஓடிய மாட்டுக்கு அங்கேயே விலை ஏறும். என் கேமராவுக்கு சேறு அபிஷேகம் நடந்தது, அது வேறு கதை.

தங்கியது ஒரு ஊனியின் (அங்கே அக்கா) வீட்டில். இரவு காவா டாவுன் கொடுத்தார்கள், காப்பி இலையைத் தீயில் வாட்டிக் காய்ச்சுவது, தேங்காய்ச் சிரட்டையில். வீட்டுப் பெண்கள் ஆறு பேர், பாட்டி முதல் பேத்தி வரை, சுற்றி உட்கார்ந்து என்னை விசாரித்தார்கள். கல்யாணமா, பிள்ளையா என்று கேட்பார்கள் என்று பதில்களை வரிசையாக வைத்திருந்தேன். பாட்டி கேட்டது, "உன் அம்மா உனக்கு எவ்வளவு வயல் கொடுத்தாள்?"

மொழி புரியவில்லையோ என்று நினைத்து ஊனி மெதுவாக மறுபடி கேட்டார். புரிந்தது. எங்கள் அம்மாவிடமே எதுவும் இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் இருந்த நிலம் மாமாக்களுக்குப் போனது, அம்மாவிடம் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். இதை மலாயில் எப்படிச் சொல்வது? "எங்கள் ஊரில் நகை கொடுப்பார்கள்" என்றேன். பாட்டி என் கழுத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார். பயணத்துக்கு எதுவும் போட்டுக்கொண்டு போகவில்லை. பாட்டி இன்னொரு சிரட்டை காவா ஊற்றினார்.

கம்போங்_மெட்ராஸ்

மேடான்ல இருந்து எழுதறேன். ரொம்பப் புகழாதீங்க அக்கா. அந்த மினாங்லயே பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளைக்குப் பணம் கொடுக்கிறாங்க, ஊவாங் ஜப்புத்னு பேரு. நம்ம வரதட்சணைதான் அதுவும்.

எனக்கு நடந்தது ரோட்டுல. கறுவாப்பட்டை எடுக்கப் போனேன். 2024 மே 11 ராத்திரி மராப்பி சாம்பலும் பாறையும் மழையில இறங்கி, அறுபது பேருக்கு மேல போயிட்டாங்க. பாடாங்ல இருந்து மலை ஏறுற லெம்பா அனாய் ரோடே அடிச்சிட்டுப் போச்சு. வண்டியெல்லாம் மலாலாக் வழி, இல்லன்னா சொலோக் போயி சித்திஞ்சாவ் லாவிக் இறக்கம். அந்த இறக்கத்துல ஒரு வளைவு இருக்கு, லாரி எதிர்ப் பக்கம் முழுசா ஏறித்தான் திரும்பணும். பையனுங்க ரோட்டுல நின்னு கை காட்டுவானுங்க, டிரைவர் சில்லறை போடுவார். எங்க லாரிக்கு பிரேக் சூடாகி நாத்தம் வந்துருச்சு. கை காட்டின பையன் நகரவே இல்ல. பம்பருக்கும் அவனுக்கும் ஒரு முழம். லாரி நின்னதும் காசு வாங்காம அடுத்த வண்டிக்குப் போயிட்டான். அவன் முகம் ஞாபகம் இல்ல, செருப்பு ஞாபகம் இருக்கு. ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை.

ரெம்பாவ்_காரன்

மெட்ராஸ் தம்பி, ஊவாங் ஜப்புத் கடற்கரைப் பக்கம், பரியாமான் வழக்கம். இவங்க பேசுறது மலை மேல, பத்துசங்கார் இருக்கிற தானா டாத்தார் மாவட்டம். அங்க அந்தப் பழக்கம் கிடையாது. மடுவுக்கு மடு மீன் வேற வேறன்னு அவங்களே சொல்லுவாங்க. தெரியாம வரதட்சணைன்னு அடிச்சு விடாதீங்க.

கம்போங்_மெட்ராஸ்

பரியாமானும் மினாங்தான் அண்ணே. நான் பரியாமான் இல்லைன்னு எங்க சொன்னேன்?

மடைக்காரர்

பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சண்டையில் எனக்குப் பங்கு வேண்டாம்.

பத்துசங்காருக்குப் பக்கத்தில் சுருவாசோ என்று ஊர். அங்கே பண்டார் பபஹாத் என்ற இடம், 'உளியால் வெட்டின வாய்க்கால்' என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் ஆதித்யவர்மன் ஆண்ட காலத்தது. குன்றின் பாறையை வெட்டித் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். பக்கத்திலேயே கல்வெட்டு: ஒன்று பழைய ஜாவானிய எழுத்து, இன்னொன்று தென்னிந்தியக் கிரந்தம். அதைப் பார்க்கத்தான் போனேன். என் மனைவி டிராவல் வண்டியிலேயே இருந்துவிட்டாள், முழங்கால் வலி. (அங்கே வாசலுக்கு வந்து ஏற்றிக்கொள்ளும் வேனுக்கே 'டிராவல்' என்றுதான் பெயர், டிராவல் வரும் என்றால் வேன் வரும் என்று அர்த்தம்.)

பாறை வெட்டை இரண்டு மணி நேரம் பார்த்தேன். உளித்தடம் சாய்வாகப் போகிறது, வாட்டம் பிடித்து வெட்டியிருக்கிறான். இன்றைய நீர்மட்டக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் தண்ணீரையே விட்டுப் பார்த்துத்தான் வாட்டம் பிடித்திருப்பான் என்பது என் கணக்கு.

அப்போது ஒரு விவசாயி வந்தார், தோளில் மண்வெட்டி, முழங்கால் வரை சேறு. எந்த ஊர் என்றார். இந்தியா, தெற்கு என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பிடித்துக் கல்வெட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இது உங்க எழுத்துதானே, படிங்க" என்றார். மழையில் தேய்ந்த கல். அங்கங்கே ஒரு வளைவு, ஒரு கொம்பு. அதற்கு மேல் ஒன்றும் எட்டவில்லை. தேயாமல் இருந்தாலும் எனக்குக் கிரந்தம் வராது. அவர் விடவில்லை. "தண்ணி யாருக்கு முதல்ல போகணும்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார். மேல் வயல்காரனோடு அவருக்கு ஏதோ தகராறு போலிருக்கிறது. முப்பத்து நாலு வருடம் சர்வீசில் என்னிடம் எல்லா விவசாயியும் கேட்ட அதே கேள்வி.

அப்படி எதுவும் இல்லை என்று தலையாட்டிவிட்டேன். படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

புதுவண்டி

ஏர்போர்ட்ல இருந்து பத்துசங்கார் போற டிராவல் இப்ப லெம்பா அனாய் வழியாப் போகுதா? அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன், அந்தச் சித்திஞ்சாவ் எல்லாம் வேணாம். அப்புறம் ஈரக்கால் அண்ணா, பணம் எங்க இருந்து வந்ததுன்னு கடைசியா தெரிஞ்சுதா?

ஈரக்கால்

லெம்பா அனாய் ரோட்டை 2024லயே திரும்பப் போட்டாங்க. இப்ப திறந்திருக்கான்னு கிளம்பும் முன்னாடி டிரைவர்கிட்ட கேட்டுக்கோங்க. அம்மாவை முன் சீட்ல உக்கார வைங்க, பின்னாடி வளைவுக்கு வளைவு தலை சுத்தும்.

ரெம்பாவ் அண்ணே, நீங்க சொன்னதெல்லாம் சரி. ஆனா அவரைச் சாம்பல்னு என்னால நினைக்க முடியல. டீ அனுப்பினாங்களே.

பணத்தைப் பத்தி யாரும் சொல்லல, நானும் கேக்கல. ஊடா ஆலையை விட்டுட்டு ஜகார்த்தா பக்கம் பெகாசிக்குப் போய்ட்டார், சொந்தக்காரர் சோத்துக்கடைக்கு. வேலை முடிஞ்சு சென்னை கிளம்பறதுக்கு முன்னாடி நான் மட்டும் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போனேன், சொல்லிட்டு வரலாம்னு. செம்பருத்தி பாச்சு ஜாவி பத்தி எழுதினதும்தான் இது எனக்கு உறைச்சது. அந்த வீட்டுக்குக் கீழ ஒரு செவலை மாடு கட்டியிருக்கும். நேரா ஓடும்னு ஊடா எனக்கு நாலு தடவையும் பெருமையா காட்டினது. அன்னைக்கு அந்த இடத்துல விறகு அடுக்கியிருந்தது. அந்தம்மா எனக்கு மீன் வறுத்துப் போட்டாங்க.

புதுவண்டி

நன்றிண்ணா. முன் சீட்டுக்குத் தனியா சொல்லி வைக்கணுமா?

ஈரக்கால்

முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிடுங்க.