துப்பாக்கியின் ட்ரிக்கர் கார்டில் (விசையைச் சுற்றிய காப்பு வளையத்தில்) தேய்ந்த கருநீலப் பூச்சை அகற்றுவது எப்படி?

கேள்வி (கம்பத்திலிருந்து):
குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த தகப்பனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி, முறையான உரிமத்துடன் என் பெயருக்கு வந்திருக்கிறது. ட்ரிக்கர் கார்டில் விரல் படும் இடமெல்லாம் பூச்சு தேய்ந்து, மழைக்கால ஈரத்தில் செம்புள்ளிகள் விழுந்துள்ளன. எஞ்சிய பூச்சை உலோகம் கெடாமல் எப்படி எடுப்பது?

மறுமொழி:
ஐயா, அது பெயிண்ட் அன்று; இரும்பின் மேற்பரப்பே மாக்னடைட் என்னும் கரிய ஆக்சைடாக மாறிய மெல்லிய படலம் என்பதால், சுரண்டவே தேவையில்லை. தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பாகத்தை மட்டும் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்து, வெள்ளை வினிகரில் ஊறவைத்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கறுப்பு மைபோலக் கரைந்து சாம்பல் நிற இரும்பு தெரியும். உடனே சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும்; தாமதித்தால் கண்ணெதிரே துரு பூக்கும்.

மறுமொழி (பாலக்காட்டிலிருந்து):
கழிவறை ஆசிட்டைத் தொடவே வேண்டாம். என் மாமா அப்படிச் செய்து, பொறித்திருந்த கொடிவேலைப்பாடு குழி குழியாக அரித்துப்போனதை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி:
1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்கு அதற்கான உரிமம் வேண்டும். ஆகவே மறுபூச்சை அத்தகையவரிடமே கொடுங்கள். குழல்களுக்கும் பூசுவதாக இருந்தால், கொதிக்கும் காரஉப்புக் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றும் முறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரு குழல்களையும் இணைக்கும் ஈயப்பற்றை அது அரித்துவிடும்.