ஜூக்கான் குகை: அனுமதி இருந்தால் உடைத்துவிடலாமா?

பெர்த் பாண்டி:
பக்கத்து இழையில் ஒருவர் "46,000 வருடப் பழங்குடிக் குகையை ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் திருட்டுத்தனமாகத் தகர்த்தது" என்று எழுதி, அதற்கு நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. என்ன திருட்டுத்தனம்? மேற்கு ஆஸ்திரேலிய அமைச்சரே 2013 டிசம்பரில் அனுமதி கொடுத்தார். 1972ஆம் வருடப் பழங்குடி மரபுச் சட்டம், 18ஆம் பிரிவு. வெடித்தது 2020 மே 24. ஆறு வருடத்துக்கு மேல் கையில் காகிதம் இருந்திருக்கிறது. அந்தக் குகை இருந்த பில்பரா செம்மண்ணை மிதிக்காதவர்கள் எல்லாம் எதற்கு வருகிறார்கள்?

வைகறை:
அந்த 40 பேரில் நானும் ஒருத்தி. அனுமதி 2013. சரி. குகையை முழுசாகத் தோண்டிப் பார்த்தது எப்போது? 2014இல். மனிதர்கள் 46,000 வருடம் முன்பே அங்கே புழங்கினார்கள் என்பது அப்புறம்தான் உறுதியானது. கூர் தீட்டிய கங்காரு எலும்பு ஒன்று, வயது 28,000. பல பேருடைய முடியைச் சேர்த்துப் பின்னிய இடுப்புக் கச்சையின் துண்டு ஒன்று, வயது 4,000. அந்த முடியின் மரபணு, இன்று அதே நிலத்துக்குச் சொந்தக்காரர்களான புட்டு குன்டி குராமா, பினிகுரா மக்களோடு பொருந்துகிறது. இதில் எதையும் பார்க்காமல் போட்ட கையெழுத்து அது.

பெர்த் பாண்டி:
ஆக, கையெழுத்து போட்டார்கள் என்று ஒத்துக்கொள்கிறீர்கள். நன்றி.

கல்வெட்டு ரசிகன்:
ஒரு நிமிடம். 'பாதுகாப்பது' என்றால் இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? பொருள்களை எடுத்து அலமாரியில் வைப்பதா, இடத்தையே விட்டுவைப்பதா? அதை முதலில் பேசிவிட்டால்...

சிட்னி சித்தப்பா:
ரசிகன் சார், இங்கே அதெல்லாம் யாரும் பேச மாட்டார்கள். பாண்டி அண்ணன் காகிதத்தைக் காட்டுவார், நாம் எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். போன மாதம் வீட்டு வாடகை இழையிலும் இதேதான் நடந்தது.

பெர்த் பாண்டி:
வாடகை விஷயத்தில் நான் சொன்னதுதான் நடந்தது சித்தப்பா, போய்ப் பாருங்கள். பொருள்களைத்தான் பத்திரமாக எடுத்துவிட்டார்களே, 7,000க்கும் மேல். மிச்சம் இருந்தது பாறை. அனுமதி வாங்கிய பாறை.

வைகறை:
ஒரு வீட்டை இடிக்க அனுமதி வாங்கிவிட்டீர்கள். அப்புறம் உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது. அனுமதிதான் இருக்கிறதே என்று இடித்துவிடுவீர்களா?

பெர்த் பாண்டி:
குகைக்குள் ஆள் யாரும் இல்லை மேடம்.

சிட்னி சித்தப்பா:
😂😂 ஐயோ முருகா.

வைகறை:
சிரிக்கிற விஷயமில்லை. ஜூலை மாதப் பழங்குடியினர் விழா வாரத்தில் குகைக்குப் போய்வர அந்த மக்கள் அனுமதி கேட்டார்கள். கேட்ட பிறகுதான், 2020 மே நடுவில், வெடிவைப்பு பற்றியே அவர்களுக்குத் தெரிய வந்தது. இன்னொன்றும் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. சுரங்கத்தை விரிக்க நிறுவனத்திடம் நான்கு திட்டங்கள் இருந்தன. மூன்றில் குகைக்குச் சேதமே இல்லை. நான்காவதை எடுத்தது கூடுதலாக 80 லட்சம் டன் இரும்புத் தாதுக்காக. மற்ற மூன்றும் இருப்பதையே அந்த மக்களிடம் சொல்லவில்லை.

பெர்த் பாண்டி:
நான் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவன். துளையில் வெடிமருந்து ஏற்றிவிட்டால் திரும்ப இறக்குவது உயிரோடு விளையாடுவது. கடைசி நேரத்தில் வந்து நிறுத்து என்றால் யார் இறக்குவது? நீங்களா?

வைகறை:
இறக்கினார்களே! பக்கத்தில் வேறு தொல்லிடங்கள் இருந்ததால் ஏழு துளைகளிலிருந்து மருந்தை எடுத்தார்கள். அந்த இடங்களுக்கு அனுமதி இல்லை என்பதால்.

பெர்த் பாண்டி:
அப்படிப் போடுங்கள்! அனுமதி இல்லாத இடத்தைத் தொடவில்லை, இருந்த இடத்தை வெடித்தார்கள். காலையிலிருந்து நான் சொல்வதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வைகறை:
உயிருக்கு ஆபத்து என்று சொன்னது எங்கே போயிற்று?

பெர்த் பாண்டி:
பேச்சை மாற்றாதீர்கள். அனுமதி இருந்ததா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில்.

ஊர்க்குருவி:
அனுமதி அனுமதி என்கிறீர்களே, அந்தச் சட்டத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமை நிலத்தைப் பயன்படுத்துகிறவருக்கு மட்டும்தான் இருந்தது, பழங்குடி மக்களுக்குக் கிடையாது. அவ்வளவு சரியாக நடந்திருந்தால் தலைமை நிர்வாகி ஜான் செபாஸ்டியன் ஜாக்கும் இரண்டு மூத்த அதிகாரிகளும் ஏன் பதவியை விட்டுப் போனார்கள்? முதலில் போனஸை மட்டும் வெட்டிப் பார்த்தார்கள், முதலீட்டாளர்கள் விடவில்லை.

பெர்த் பாண்டி:
பங்கு வைத்திருந்தவர்கள் பயந்தார்கள், அவ்வளவுதான். பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டு வந்தார்களே, என்ன ஆயிற்று? 2023 ஜூலை 1இல் அமலுக்கு வந்தது, ஆகஸ்டிலேயே அரசே கைவிடுவதாக அறிவித்தது. அது அமலில் இருந்தபோது 1,100 சதுர மீட்டருக்கு மேல் நிலம் வைத்திருந்தவன் வேலி போடக்கூட யோசிக்க வேண்டிய நிலைமை. என் நண்பர் ஒருவர் தோட்டத்தில் கொட்டகை போட அலைந்த கதையைக் கேட்டால் தெரியும்.

சிட்னி சித்தப்பா:
கொட்டகைக்கும் 46,000 வருடத்துக்கும் முடிச்சா! அண்ணே, உங்களிடம் அந்தக் கம்பெனிப் பங்கு எத்தனை இருக்கிறது? நேர்மையாகச் சொல்லுங்கள்.

பெர்த் பாண்டி:
என் பங்குக் கணக்கு உங்களுக்கு எதற்கு? சிட்னியில் நீங்கள் ஓட்டுகிற காரே இரும்புதான். நாளையிலிருந்து நடந்து போங்கள், அப்புறம் பேசலாம்.

சிட்னி சித்தப்பா:
நான் ரயிலில்தான் போகிறேன்.

பெர்த் பாண்டி:
ரயில் என்ன மரத்திலா செய்கிறார்கள்?

கல்வெட்டு ரசிகன்:
நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது...

வைகறை:
ரசிகன் சார், மன்னிக்கவும், அப்புறம் வருகிறேன். பாண்டி, 2014இல் கிடைத்ததை 2013 கையெழுத்து எப்படிக் கணக்கில் எடுத்திருக்கும்? இதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

பெர்த் பாண்டி:
நாலு தடவை சொல்லியாயிற்று. கையெழுத்து 2013. செல்லாது என்று எந்த நீதிமன்றமாவது சொல்லியிருந்தால் தீர்ப்பைக் கொண்டு வாருங்கள். அப்புறம் சித்தப்பா, வாடகை இழையில் நீங்கள் அழித்த பின்னூட்டத்தின் படம் என்னிடம் இருக்கிறது. போடவா?