சுழல் டயல் போன்: 7 சுற்றினால் எக்ஸ்சேஞ்சுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி
சுழல் டயலைச் சிலர் வெடுக்கென்று இழுப்பார்கள், சிலர் மெதுவாக. இருந்தும் எண் சரியாகப் போகிறதே, எப்படி? கணினி இல்லாத காலத்தில், இரண்டே கம்பியில் வந்ததை எக்ஸ்சேஞ்ச் எப்படி எண்ணியது?

பதில் 1
இழுக்கும்போது ஸ்பிரிங்குக்கு முறுக்கு ஏறுகிறது, அவ்வளவுதான். விரலை எடுத்தபின் டயல் திரும்பும்போதுதான் எண் போகிறது. திரும்பும் வேகத்தை உள்ளே இருக்கும் கவர்னர் (உராய்வால் வேகத்தைச் சீராக்கும் பாகம்) நொடிக்கு 10 துடிப்பு என்று கட்டுப்படுத்தும். ரிசீவரை எடுத்ததும் எக்ஸ்சேஞ்சின் 50 வோல்ட் பேட்டரியிலிருந்து லைனில் மின்னோட்டம் ஓடும். 7 சுற்றினால் அது ஏழு முறை அறுந்து சேரும், 0 என்றால் பத்து முறை. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 67 மில்லிநொடி அறுபட்டிருக்கும், 33 மில்லிநொடி சேர்ந்திருக்கும்.

பதில் 2
எக்ஸ்சேஞ்ச் பக்கம்: ஸ்ட்ரோஜர் செலக்டர், அதாவது துடிப்புக்கு ஒரு படியாக நகர்ந்து லைனை இணைக்கும் சுவிட்ச். 1891-இல் காப்புரிமை பெற்றது. அதில் மூன்று ரிலேக்களை (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்) புரிந்துகொண்டால் போதும். A ரிலே ஒவ்வொரு துடிப்புக்கும் விட்டு விட்டு இழுக்கும். B ரிலேயின் இரும்பில் செம்பு வளையம் இருப்பதால் அது மெதுவாகத்தான் விடும். அதனால் 67 மில்லிநொடி அறுபட்டாலும் இணைப்பு விழாது. C ரிலே துடிப்புகள் வந்துகொண்டிருக்கும் வரை பிடித்திருந்து, அவை நின்றதும் விடும். ‘இந்த இலக்கம் முடிந்தது’ என்பதற்கு அதுதான் அடையாளம்.

2364 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் செலக்டரின் வைப்பர் (நகர்ந்து இணைப்புகளைத் தொடும் கை) 2 படி ஏறி, அந்த வரிசையில் காலியான பாதையைத் தானே தேடும். அடுத்தது 3 படி ஏறித் தேடும். கடைசிச் செலக்டர் மட்டும் 6 படி ஏறி, 4 படி பக்கவாட்டில் நகரும். ஒரு வரிசையின் பத்துப் பாதைகளும் நிறைந்திருந்தால் வைப்பர் 11-ஆவது இடத்துக்குப் போய் நிற்கும், பிஸி டோன் வரும். சுற்றிய எல்லா எண்ணும் சரியாக இருந்தும் மணி அடிக்கும் முன்பே பிஸி கேட்பது இதனால்தான்.

பதில் 3
ஒன்று சேர்க்கலாம்: 0 என்றால் பத்து என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. ஸ்வீடனில் 0-வுக்கு ஒரே துடிப்பு. நியூசிலாந்து டயலில் எண்கள் தலைகீழ், 1 சுற்றினால் ஒன்பது துடிப்பு. அங்கே அவசர எண் 111. பிரிட்டனின் அவசர எண் 999 அனுப்பும் அதே துடிப்புகள்தான் அதிலும் போகும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. அப்படியானால் மழைக்காலத்தில் ராங் நம்பர் அதிகம் விழுந்தது ஏன்?

பதில் 2
கேபிள் நனைந்தால் கசிவு. டயல் லைனை அறுத்தாலும் கசிவு மின்னோட்டம் A ரிலேயை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு துடிப்பு விழுங்கப்பட்டால் 7 சுற்றியது 6 ஆகிவிடும். போன் பக்கத்துக் கோளாறு என்றால் முதலில் கவர்னரைப் பாருங்கள். அழுக்கு ஏறினால் டயல் மெதுவாகும். துடைத்தால் போதும். கவர்னர் உராயும் கிண்ணத்தில் எண்ணெய் விடவே கூடாது, பிடிமானம் போய் டயல் பறக்கும். டயல் திரும்பும்போது விரலால் தடுப்பதும் தவறு. அறுபட்ட நிலையில் நீண்டு நின்றால் B விட்டு இணைப்பே போய்விடும். சேர்ந்த நிலையில் நின்றால் C விட்டு, மிச்சத் துடிப்புகள் அடுத்த இலக்கமாகப் பதிவாகும்.